சோழமண்டல ஓவியர் கிராமம்: கடலோரத்தில் ஒரு நாள்



"படம் வரைஞ்சா சோறு கெடைக்குமா டீச்சர்?"

பாகான் டத்தோ வட்டாரத்தில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில், பெற்றோர் சந்திப்பு நாளன்று ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய மகன் ஐந்தாம் ஆண்டு மாணவன். கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் ஓரங்களிலெல்லாம் படகு, நண்டு, கொக்கு, பாக்காவ் மரத்தின் வேர் என்று வரைந்து வைத்திருந்தான். அந்தப் புத்தகத்தை எடுத்து அம்மாவிடம் காட்டிக் குறை கூறியவளே நான்தான். மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை முடித்துச் சீருடையோடு வந்திருந்த அவர், பக்கங்களை மெல்லப் புரட்டிப் பார்த்துவிட்டு மேற்கண்டவாறு கேட்டார். அது கோபமன்று. உண்மையாகவே விடை தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என்னிடம் விடையில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும்வரை, ஆறாம் ஆண்டு மாணவர்களின் கலைக்கல்விப் பாடவேளைகளில் பெரும்பாலானவற்றை நான் கணிதத்திற்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன். அட்டவணையில் கலைக்கல்வி இருந்தது. வகுப்பில் பின்னமும் விழுக்காடும் நடந்தன.

சென்ற பள்ளி விடுமுறையில் உடன் பணியாற்றும் ஆசிரியைகள் இருவரோடு சென்னை செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அவர்கள் தியாகராய நகருக்குப் புடவை எடுக்கப் புறப்பட்ட காலையில், நான் மட்டும் ஆட்டோ பிடித்துத் திருவான்மியூரைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் சென்றேன். அங்கேதான் சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கலைக்கல்வி விரிவுரையாளர் ஒருவர் அதன் பெயரை ஒரே ஒரு முறை கூறியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயர் மனத்தின் ஒரு மூலையில் கிடந்தது.

சாலையில் வண்டிகளின் இரைச்சல் காதைத் துளைக்கிறது. நுழைவாயிலைக் கடந்து சில அடிகள் உள்ளே வைத்ததும் அந்த இரைச்சல் மரங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. மரநிழலில் கருங்கல்லிலும் உலோகத்திலும் செய்த சிற்பங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் மணல் கலந்த சிறு பாதைகள், அவற்றின் ஓரம் தாழ்வான வீடுகள். ஒரு வீட்டுத் திண்ணையில் பாதி முடிந்த செப்புத் தகடு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வாயிலில் இருந்த காவலர், "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். மலேசியா என்றதும், "எங்க தாத்தாவோட தம்பி பினாங்குக்குப் போனவரு. அப்புறம் சேதியே இல்ல," என்றார். தமிழ்நாட்டில் எங்கே சென்றாலும் இப்படி ஒருவரைச் சந்திக்காமல் திரும்ப முடிவதில்லை.

கிராமத்தைப் பார்த்தபின் கடற்கரைக்கு நடந்தேன். எங்கள் பாகான் டத்தோக் கடலை அறிந்தவர்களுக்கு இந்தக் கடல் அந்நியமாகத்தான் தோன்றும். பேராக் ஆறும் பெர்ணம் ஆறும் கொண்டுவந்து கொட்டிய சேறுதான் எங்கள் கரை. நீர் வற்றினால் கண்ணுக்கெட்டும் தூரம் சேறும், அதில் தாவும் மீன்களும், கெராங் பொறுக்குவோரும்தாம் தெரிவர். மலாக்கா நீரிணை பெரும்பாலும் சாதுவான நீர். சோழமண்டலக் கரையோ முரட்டுக் கரை. ஈஞ்சம்பாக்கத்தில் பாறைகள் இல்லை. ஆனால் வங்கக்கடலின் அலை ஒவ்வொன்றும் மணலை அறைந்து உடைகிறது. அதே சாலையில் இன்னும் தெற்கே சென்றால் மாமல்லபுரத்துக் கருங்கற் பாறைகளின்மீது இதே அலைதான் மோதுகிறது. இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில் கப்பல்கள் அலைகளுக்கு அப்பாலேயே நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில்தான் ஒரு காலத்தில் ஆட்களும் சரக்கும் கரையேறினர். பின்னர் சென்னையில் துறைமுகம் கட்டப்பட்டது. 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பல் அத்துறைமுகத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும்தான் நம் முன்னோர் பலரைப் பினாங்கிற்குக் கொண்டுவந்தது. அந்த அலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வந்தவர்களின் துணிச்சலைப் பற்றி வகுப்பில் நான் சொல்லிவந்தது எவ்வளவு குறைவு என்று பட்டது.

இனி வரலாற்றிற்கு வருவோம்.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசு ஏற்றுக்கொண்ட அப்பள்ளியின் முதன்மை நோக்கம் ஓவியர்களை உருவாக்குவதன்று. நல்ல கைவினைஞர்களை உருவாக்குவதே. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சென்னை மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையை நம்மில் பலர் திரைப்படங்களிலாவது பார்த்திருப்போம். அதைச் செய்தவர் அவரே. 1957-இல் அவர் ஓய்வு பெற்றதும் அவருடைய மாணவர் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வரானார்.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக இளமையிலேயே படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சென்றவர். தமது இருபத்தைந்தாம் வயதில், 1936-இல்தான் அவரால் கலைப்பள்ளியில் சேர முடிந்தது. அதனால்தானோ என்னவோ, அந்த அம்மா கேட்ட கேள்வி அவருக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது. அவருடைய மாணவர்கள் திறமைசாலிகள். ஆனால் படிப்பு முடிந்து வெளியே வந்தால் அவர்களுக்கு வழியில்லை. அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. ஒருவர் துணி ஆலையில் வடிவமைப்பாளராவார். இன்னொருவர் விளம்பர நிறுவனத்தில் சேர்வார். சில ஆண்டுகளில் தூரிகை காய்ந்துவிடும். பணிக்கர் 1944-இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கிக் கண்காட்சிகள் நடத்தியவர். கண்காட்சியால் பெயர் கிடைக்கும், வாடகை கிடைக்காது என்பதை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார்.

1960-களின் தொடக்கத்தில் பணிக்கரும் மாணவர்களும் எடுத்த முடிவு எளிமையானது. ஓவியத்தைச் சோற்றுக்காக விற்பதில்லை. சோற்றுக்கு வேறொன்றைக் கையால் செய்வது. கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் வாழ்ந்துகொண்டு, மீதி நேரத்தில் யாருக்கும் அஞ்சாமல் தாம் விரும்பியபடி வரைவது. அதற்காக ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். தோல்வேலை, உலோகவேலை, மட்பாண்டம் எனப் பலவற்றைச் செய்தார்கள். எல்லாவற்றிலும் நன்றாக விலைபோனது எது தெரியுமா? பாத்திக்!

ஆம், நம் பிள்ளைகள் கலைக்கல்வியில் பாரம்பரியக் கைவினை என்னும் பகுதியில் படிக்கும் அதே பாத்திக்தான். உருக்கிய மெழுகைத் துணியின்மீது கோடாக வரைவது, சாயத்தில் தோய்ப்பது, மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, கடைசியில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவது. மெழுகு காய்ந்து வெடித்த இடங்களில் சாயம் நுழைந்து நரம்பு போன்ற மெல்லிய கோடுகள் தோன்றும். இரு துணிகளில் அக்கோடுகள் ஒரேபோல் அமைவதில்லை. ஓவியம் பயின்ற கைகள் இதைச் செய்தபோது, சென்னையில் வாங்குவோர் வந்தனர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல நூற்றாண்டுகளாகச் சோழமண்டலக் கரையிலிருந்துதான் துணி கிழக்கே சென்றது. கோரமண்டல் என்று ஐரோப்பியர் உச்சரித்த இக்கரையின் அச்சிட்ட துணிகளையும் சாயத் துணிகளையும் கொடுத்துத்தான் வணிகர்கள் நம் மலாய்த் தீவுக்கூட்டத்தில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். மலாய் அன்பர்கள் தொழுகைக்குச் செல்லும்போது உடுத்தும் பெலிக்காட் கைலியின் பெயர், சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயர்தான். சாவகத்துப் பாத்திக்கின் வடிவங்களிலும் இக்கரைத் துணிகளின் சாயல் உண்டு என்பர் ஆய்வாளர். துணி கிழக்கே போயிற்று. மெழுகுக் கலை மேற்கே வந்தது. 1927-இல் தென்கிழக்காசியப் பயணம் வந்த கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் (அப்பயணத்தில் நம் ஈப்போவிற்கும் வந்தார்), சாவகத்தில் பாத்திக்கைக் கண்டு வியந்தார். அதன்பிறகே சாந்திநிகேதனில் அது பாடமாயிற்று. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாத்திக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கதையைச் சொல்லலாமே! நமக்குத் தொடர்பில்லாத ஒன்றைப் படிக்கிறோம் என்னும் எண்ணம் பிள்ளைகளுக்கு அப்போது வராது.

கைவினை விற்ற பணம் சேர்ந்தது. 1966-இல் சங்கம் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலத்தை வாங்கியது. அன்று அது நகரத்திற்கு வெகு தொலைவில், சவுக்கு மரங்களும் மணல்மேடுகளும் மட்டுமே இருந்த இடம். மீனவர் குப்பங்களைத் தவிர அக்கம்பக்கத்தில் மனித நடமாட்டம் அரிது. யாருக்கும் வேண்டாத மணல் என்பதால்தான் ஓவியர்களால் வாங்க முடிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். முதலில் குடிசைகள், பிறகு கையில் காசு சேரச் சேர வீடுகள். பணிக்கர் 1967-இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று அங்கேயே வந்து வாழ்ந்து, 1977-இல் காலமானார்.

ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, பி. கோபிநாத், எஸ். ஜி. வாசுதேவ், பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் எனப் பெயர்கள் நீளும். சிலர் பின்னாளில் பெங்களூருக்கும் பாரிசுக்கும் சென்றுவிட்டனர். அர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்று ஓரிரு பெண்களே தொடக்க காலத்தில் இருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2009-இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இவர்களுடைய படைப்புகளைக் காணலாம். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களின் முன் நெடுநேரம் நின்றேன். 1963-இல் அவர் தொடங்கிய வரிசை அது. மலையாள எழுத்துப் போன்ற கிறுக்கல்கள், சாதகக் கட்டங்கள், இடையிடையே கணக்குக் குறிகள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு மாணவனின் கணிதப் புத்தகப் பக்கம்போல இருக்கிறது. அருகில் சென்றால் ஓரத்தில் ஒரு மீனோ பறவையோ இருக்கும். எனக்கு எந்தப் புத்தகம் நினைவுக்கு வந்திருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இன்னொருவரைப் பற்றியும் கூறவேண்டும். கே. ராமானுஜம் என்பவர். பேச்சும் படிப்பும் எளிதில் வாராத பிள்ளை. இக்காலத்தில் அவரை நாம் சிறப்புக் கல்வி வகுப்பிற்குப் பரிந்துரைத்திருப்போம். பணிக்கர் அவரைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார். பின்னர் சோழமண்டலத்திலும் இடம் கொடுத்தார். பேனாவும் மையும் கொண்டு அவர் வரைந்தவை கனவு நகரங்கள்: கோபுரங்கள், பாம்புகள், தோரணங்கள், அவற்றினிடையே தொப்பி அணிந்த ஒரு மனிதராக அவரே. இன்று அந்த ஓவியங்கள் பெரிதும் மதிக்கப்படுகின்றன. ஆனால் 1973-இல், மிக இளம் வயதிலேயே, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஓவியர் கிராமத்தின் கதையைப் புகழ்ந்து எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வீடும் நிலமும் தோழர்களும் இருந்தும் ஒருவரைக் காப்பாற்ற முடியாமற்போயிற்று. எனக்கு அதை எளிதாகக் கடக்க முடியவில்லை.

நிலம் என்றதும் எங்கள் தோட்டத்தின் நினைவு வந்துவிட்டது. இதை எழுதாவிட்டால் நான் சென்றுவந்ததற்குப் பொருளில்லை.

பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னந்தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவள் நான். அப்பா தேங்காய் உரிப்பவர். கூரிய இரும்புக் கம்பியில் காயைக் குத்தித் திருகினால் மட்டை தனியே விழும். ஒரு நாளைக்கு எத்தனை காய் என்பதே கூலிக்கணக்கு. எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் சாயத் தாத்தா என்போம். திருவிழாவில் தோட்ட மண்டபத்தில் நடக்கும் நாடகத்திற்குப் படுதா வரைபவர் அவர்தான். அரண்மனைத் தூண்கள், காடு, கோயில் வீதி என மூன்று படுதாக்கள். கோதுமை மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, அதன்மேல் வீட்டுக்குப் பூசும் சாயத்தைக் கொண்டு வரைந்தவை. காவடிக்குப் பூ வைப்பதும், தேருக்குக் குதிரை செய்வதும் அவரே. பகலில் அவரும் தேங்காய்தான் உரித்தார். யோசித்துப் பார்த்தால், பணிக்கரின் மாணவர்கள் வகுத்துக்கொண்ட வாழ்க்கையும் அதுதானே!

ஒரே ஒரு வேறுபாடு. சாயத் தாத்தா நின்ற மண் அவருடையதன்று. தோட்டம் கைமாறியது. தென்னை போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. எங்கள் குடும்பம் சிற்றூர்த் தாமான் ஒன்றின் மலிவுவிலை வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. மண்டபத்தை இடிக்கும்முன் அந்தப் படுதாக்களை எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. எடுத்திருந்தாலும் தாமான் வீட்டில் விரித்து மாட்ட ஏது சுவர்? தாத்தா மகளின் வீட்டில் சில ஆண்டுகள் இருந்து மறைந்தார். அதன்பின் அவர் எதையும் வரைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

நம் சமுதாயம் நிலத்தைப் பற்றிச் சிந்திக்காமலில்லை. சோழமண்டலம் பிறப்பதற்கு ஆறாண்டுகள் முன்பே, 1960-இல், நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளையர் தங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்ட காலம் அது. தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் ஒருசேர இழந்து நின்றனர். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே வாங்குவோம் என்றார் சம்பந்தன். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர்களின் சங்கத்திற்குச் சொந்தமாயிற்று. பாத்திக் விற்று நிலம் வாங்கிய ஓவியர்களுக்கும், பால்வெட்டிய காசில் தோட்டம் வாங்கிய தொழிலாளர்களுக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வழி மட்டும் ஒன்றுதான். சிறு தொகை, பல கைகள், பொதுச் சொத்து. ஆனால் எல்லாத் தோட்டங்களுக்கும் அந்தக் கை எட்டவில்லை. எங்கள் தோட்டத்திற்கு எட்டவில்லை.

ஈஞ்சம்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. வேண்டாத மணலாக இருந்த இடம் இன்று பொன்விலை பெறுகிறது. சுற்றிலும் பெரிய மாளிகைகளின் மதில்கள். கடலுக்குப் போகும் வழியையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாத்திக் விற்கும் தேவை ஓவியர்களுக்கு என்றோ போய்விட்டது. முதல் தலைமுறையினரில் பலர் மறைந்துவிட்டனர். நந்தகோபால் 2017-இல் காலமானார். அங்கே சந்தித்த ஒரு முதியவரிடம், "இந்த இடத்தை வித்துட்டுப் போகலாம்னு யாருக்கும் தோணலையாங்க ஐயா?" என்று கேட்டேன். அதிகப்பிரசங்கித்தனமான கேள்விதான். அவர் சினக்காமல் சிரித்தார். "தோணாம இருக்குமாம்மா? ஆனா இது தனி ஆளு சொத்து மட்டும் இல்லையே," என்றார்.

திரும்பும்போது கடையில் சில ஓவிய அஞ்சலட்டைகளை வாங்கிக்கொண்டேன். உடன் வந்த ஆசிரியைகள் நான் எத்தனை புடவை எடுத்தேன் என்று கேட்டார்கள். அட்டைகளைக் காட்டியதும், "இதுக்கா ஒரு நாளு முழுசும்?" என்றார்கள்.

பள்ளி திறந்தபின் அந்த மாணவனிடம் ஓர் அட்டையைக் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல கோடு நேராவே இல்லையே டீச்சர், இவுங்கள யாரும் ஏசலையா?" என்று கேட்டான். வியாழக்கிழமைக் கலைக்கல்விப் பாடவேளை இப்போது கலைக்கல்விக்கே நடக்கிறது. மெழுகும் சாயமும் பருத்தித் துணியும் வாங்கியாயிற்று. அடுப்புப் பற்றவைப்பதால் துணைக்குப் பெரியவர்கள் வேண்டும் என்று பெற்றோர்களுக்குக் கடிதம் அனுப்பினேன். அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துப் பணிக்கரின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். தாம் கேட்ட கேள்வியையே அவர் மறந்திருந்தார். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அந்தத் துணி ஒண்ணு என்னா வெலைக்கு விப்பாங்க டீச்சர்?" என்றார். அளவையும் வேலைப்பாட்டையும் பொறுத்தது என்றேன். வியாழக்கிழமை காலை வேலைநேரம் மாற்றிக் கிடைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.